பாலத்தில் நின்ற கேம்

அண்ணி,

"எந்த இடத்துல நிக்குது? அதுக்கு முன்னாடி என்ன பண்ணின?" கம்ப்யூட்டர் கேம் பாதியில் தானாக மூடிக்கொள்கிறது என்று நான் அழுதபோது நீங்கள் கேட்டது இது. பாலத்தில் ஏறினாலே நிற்கிறது, கேமையே அழித்துவிடப் போகிறேன் என்றேன். "அதுக்காக மொத்தத்தையும் அழிப்பாங்களாடி, அசடு?" என்று செட்டிங்ஸில் ஆட்களுக்கு விழும் நிழலை மட்டும் அணைத்தீர்கள். இப்போது பாலம் தாண்டி ஊருக்குள் போய்விட்டேன். அங்கே யாருக்கும் நிழல் இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் நடமாடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அது எந்த இடத்தில் நின்றது என்று நேற்று நீங்கள்தான் கேட்டீர்கள். பதில் தெரிந்ததால்தான் கதவை அறைந்து சாத்தினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் எழுந்து சத்தமாக வாசிக்கச் சொல்லும் இடம், அண்ணி.

அதை மட்டும் விட்டுவிட்டு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று டீச்சரிடம் கேட்கப் போகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரியில்.

கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள். கேமை இன்னும் சேமிக்கவில்லை.

இன்னொன்று. எழுப்பினால் "நானும் வரேன்" என்று கிளம்பிவிடுவீர்கள். இதை நானே கேட்க வேண்டும். இரவு வேலை பார்த்த களைப்பு, தூங்குங்கள். எழுப்பாமல் கிளம்புகிறேன்.