மைனஸ் பன்னிரண்டு

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிப் பழகிய கை இது. இன்றைக்கு அந்த வரி வரமாட்டேன் என்கிறது. போகட்டும். என் பெண், அந்த வாயாடி எப்படி இருக்கிறாள்? லீவு விட்டதும் பெரியம்மா வீடு என்று குதித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏழு வயதுக்கு எழுபது வயதுப் பேச்சு. உன் தலையைத் தின்றுகொண்டிருப்பாள். பால் குடிக்க அடம்பிடித்தால் விட்டுவிடு. காதுக்குச் சொட்டு மருந்து மட்டும் மறக்காதே.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போன் பண்ணக்கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் மாப்பிள்ளை, 'ஸ்பீக்கர்ல போடேன், நானும் அண்ணியை விசாரிச்சுக்கறேன்' என்பார். கல்யாணமான எட்டு வருஷமாக இப்படித்தான். 'எவ்வளவு பாசம் பாருடி!' என்று நீகூடச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாய். அந்தப் பாசத்துக்குப் பயந்துதான் கடைக்குப் பின்னால் லென்ஸ் அரைக்கிற அறையில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை குக்கர் கைப்பிடி ஆடியது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் ஸ்க்ரூடிரைவருக்கா பஞ்சம் என்று தேடினால், அவர் தினமும் எடுத்துப்போகிற பெட்டி அவரோடு போய்விட்டது. பரணில் ஒரு பழைய பச்சைப் பெட்டி உண்டு. துருப்பிடித்தது, தூக்கிப்போடவும் விடமாட்டார், தொடவும் விடமாட்டார். ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். மேல்தட்டைத் தூக்கினால், அடியில் மஞ்சள் துணியில் சுற்றி, பெண்பிள்ளை போடுகிற ஒரு மூக்குக்கண்ணாடி.

அதைக் கையில் பிடித்து லென்ஸ் வழியாகத் தரையைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகக் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறேன், அது தானாக வந்துவிடுகிற பழக்கம். தரையில் போட்டிருந்த கட்டங்கள் பொடிப் பொடியாகச் சுருங்கின. மறுநாள் கைப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து, பவர் பார்க்கிற மெஷினில் வைத்தேன். வலது மைனஸ் பன்னிரண்டு. இடது பதினொன்றரை.

உனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடிகூடக் கிடையாது, அதனால் சொன்னால்தான் புரியும். எனக்கு மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் உன் முகமும் சுவரும் எனக்கு ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் என் கை தேடுவது புருஷனையும் இல்லை, பிள்ளையையும் இல்லை, தலைமாட்டில் இருக்கிற கண்ணாடியை. அப்படியானால் பன்னிரண்டு போட்டவள்? கையை நீட்டினால் தன் விரலை எண்ணமுடியாது அவளால். வாசற்படி எங்கே முடிகிறது என்று தெரியாது.

உன் மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டி யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்றுதானே நமக்குச் சொன்னார்கள்? அவர் வாயாலேயே எனக்கும் சொல்லியிருக்கிறார். 'வேலை முடிஞ்சு வந்தேன். சமைச்சதை மூடி வெச்சிருந்தா. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்திருந்தா. போயிட்டா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.' அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மும். எனக்கும் கண் கலங்கிவிடும். எத்தனை பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா, ஓடுகிற அவசரத்தில் ஒருத்தி நகையை மறப்பாள், துணிமணியை மறப்பாள், பெற்ற பிள்ளையைக்கூட மறப்பாள் என்று வைத்துக்கொள். கண்ணாடியை எப்படி மறப்பாள்? தெருமுனை வரைக்கும் எப்படிப் போனாள்? அவளோடு போனவன் முகத்தை எதை வைத்துப் பார்த்தாள்?

கண்ணாடியை இருந்தபடியே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது நீ எனக்கு ஒன்று சொல்லவேண்டும். கல்யாணம் பேசும்போது நீயும் அத்தானும் யாரிடம் விசாரித்தீர்கள்? அவள் போன பிறகு அவளை உயிரோடு பார்த்தேன் என்று ஒருவராவது சொன்னார்களா? சித்தி வீட்டில் வளர்ந்தவள், கேட்க நாதியில்லாதவள் என்று மட்டும் சொன்னீர்கள். அப்போது அது நமக்கு வசதியாக இருந்தது. பாவம், ஏமாந்த மனுஷன் என்று நீதான் பரிந்து பேசினாய். முப்பது வயது தாண்டிய தங்கையைத் தள்ளிவிட வேண்டும், உனக்கு அது ஒன்றுதான் குறி. கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தமாட்டேன், இருக்கட்டும்.

யாரிடமும் சொல்லாதே. அத்தானிடம் சொல்லாதே. முக்கியமாக உன் மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே. கடை விலாசத்துக்குப் பதில் போடு. வாயாடியை நான் சொல்கிறவரை அங்கேயே வைத்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


மறு சனிக்கிழமை

அக்காவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதியதற்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். நேற்று காலை தோசைக்கல்லில் மாவு ஊற்றப்போகும்போது இவர் வந்து பக்கத்தில் நின்றார். சிரித்த முகம். 'உங்க அக்கா போன் பண்ணாங்க. என்னவோ கண்ணாடியாமே? என்னையே கேட்டிருக்கலாமே, கண்ணு. இதுக்குப் போய் தபால் செலவா?' என்றார்.

நீ அவரிடம் சொன்னதை அவர் அப்படியே எனக்கு ஒப்பித்தார். 'சின்ன விஷயத்தை மனசுல போட்டுக் குழப்பிக்கறா மாப்பிள்ளை, அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், நீங்க கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க.' அடடா, எவ்வளவு அக்கறை! குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டாய். உனக்கு நான் எழுதினது என்ன, பக்கத்து வீட்டுச் சண்டையா? புருஷன் பெண்டாட்டி பிணக்கென்று நினைத்தாயா? ஒரு பெண் செத்துப்போயிருப்பாளோ என்று கேட்டேன். நீ என்னை அனுசரிக்கச் சொல்லி அவரிடம் சிபாரிசு பண்ணியிருக்கிறாய்.

அவர் கோபப்படவே இல்லை. அது அவளுடைய பழைய கண்ணாடியாம். புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போனாளாம். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நிமிஷம் நான் நம்பிவிட்டேன். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருந்தது. என் பிள்ளைக்கு அப்பா, எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர். நம்பத்தானே ஆசைப்படுவேன்? 'தப்பா நெனச்சுட்டேன்' என்று அவரிடம் மன்னிப்புகூடக் கேட்டேன்.

பிறகு கடைக்கு வந்தேன். எங்கள் கடையில் லென்ஸ் அரைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், இருபத்தைந்து வருஷ சர்வீஸ், எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் பேச்சுவாக்கில் மைனஸ் பன்னிரண்டு யாருக்காவது அரைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். 'அவ்ளோ பவர் இந்த ஊர்லயே ரெண்டு பேருக்குத்தான்மா. ஒருத்தர் பெரியவர், போய்ச் சேர்ந்துட்டார். இன்னொண்ணு ஒரு பொண்ணு. லிஃப்ட்காரர் சம்சாரம்' என்றார். நான் யார் வீட்டுக்காரி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அரைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு எத்தனை தடவை கண்ணாடி போட்டாலும் நோட்டில் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பவரையும் தேதியையும் எழுதி, வாங்கிப்போகிறவரிடம் கையெழுத்து வாங்குவோம். பழைய நோட்டுகளை இருவரும் புரட்டினோம். அவள் பக்கம் கிடைத்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறியிருக்கிறது. ஒன்பது, பத்து, பத்தரை, பதினொன்று. கடைசி வரி, வலது பன்னிரண்டு, இடது பதினொன்றரை. பச்சைப் பெட்டியில் இருந்தது அவளுடைய பழைய கண்ணாடி இல்லை, கடைசிக் கண்ணாடி. இரண்டாம் தேதி அவளே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். அவள் வீட்டை விட்டுப் போன தேதி விவாகரத்துக் கோர்ட் பேப்பரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் என் கையில் கொடுத்தீர்களே, அதே பேப்பர். அதே மாதம், பதின்மூன்றாம் தேதி. பதினொரு நாள் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் பரணைப் பார்த்தேன். பச்சைப் பெட்டி இருக்கிறது. மஞ்சள் துணி இருக்கிறது. கண்ணாடி இல்லை.

உன் புண்ணியத்தில் இவர் புதன்கிழமை வரை லீவு போட்டிருக்கிறார், என்னோடு நேரம் செலவழிக்க. காலையில் கடையில் விடுகிறார், எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், மாலையில் கூட்டிப்போகிறார். இதை எழுதுகிறபோதும் கண்ணாடிக் கதவு வழியாக அவர் சட்டை தெரிகிறது. இந்த நகரத்தில் பாதிக் கட்டிடத்துக்கு மொட்டைமாடிச் சாவியும் லிஃப்ட் குழிச் சாவியும் அவர் கையில் இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். போலீசுக்குப் போனால் என்ன சொல்வேன்? ஒரு கண்ணாடி இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்றா? 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா' என்பார்கள். கூடப் பிறந்தவளே நம்பவில்லை, அவர்களைச் சொல்லி என்ன.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் கிளம்பிவிடுவேன். பூதக்கண்ணாடி அண்ணன் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பத்திரம். இந்தக் கடிதத்தை அண்ணன்தான் தபாலில் சேர்க்கிறார்.

கடைசியாக ஒன்று. எனக்கு இருப்பது ஒரே கண்ணாடி. கறுப்புச் சட்டம், இடது கால் உடைந்து நானே கம்பி வைத்துக் கட்டினது. கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறவளுக்கு ஒழுங்கான கண்ணாடிக்கு வக்கில்லையா என்று நீ சிரிப்பாயே, அதேதான். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் நானும் இருப்பேன். யார் வந்து என்ன கதை சொன்னாலும் இதை மட்டும் மனதில் வை.

உன்மேல் இருக்கிற ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் என் பிள்ளை உன் வீட்டில் இருக்கிறாள், வேறு யாரிடம் நான் போய்க் கெஞ்சுவேன்? யார் கேட்டாலும் அவளைக் கொடுக்காதே. நான் எழுதிக் கொடுத்ததாகக் கடிதம் வந்தாலும் கொடுக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அக்கா. இந்த ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேள்.

உன் தங்கை


வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அண்ணனும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தச் செய்தியைப் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தாங்கள் போன் செய்து புத்தி சொன்னதிலிருந்து தங்கள் தங்கை அமைதியாகத்தான் இருந்தாள். அவளோடு இருக்கவேண்டும் என்று லீவுகூடப் போட்டேன். புதன்கிழமை மட்டும் அவசர வேலை என்று ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். முடித்துவிட்டு வந்து பார்த்தால், சமைத்ததை மூடி வைத்திருந்தாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். போய்விட்டாள். அவளுக்கு மனதில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. கடையில் வேலை செய்கிற ஒருவரோடு அடிக்கடி தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

துணிமணி கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறாள். கால் உடைந்த அந்தக் கறுப்புக் கண்ணாடியை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கண்ணாடிக்கடைதானே, புதிதாகப் போட்டுக்கொண்டிருப்பாள். தூக்கிப்போட மனசு வரவில்லை. வைத்திருக்கிறேன்.

இனி எனக்கு இருப்பது குழந்தை ஒன்றுதான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வந்து அழைத்துப் போகிறேன். அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம், பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன். என் செல்லத்துக்கு அப்பாவின் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்தேன். அவள் இப்படிச் செய்வாள் என்று யார் நினைத்தார்கள்? உங்களுக்கு இரண்டாம் தடவையும் இப்படி ஆகவேண்டுமா?

அன்றைக்கு நான் உங்களுக்குப் போன் செய்திருக்கக் கூடாது. அதை நினைத்துத்தான் சாப்பாடு இறங்கவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன ஞாயிறே வாருங்கள். வாயாடி நன்றாக இருக்கிறாள். அம்மா எங்கே என்று நாளுக்கு நூறு தடவை கேட்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலைப் பஸ்ஸிலேயே வந்தால் மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேரும் அன்றைக்கு வருகிறார்கள், நல்ல மனிதர்கள். கல்யாணத்தின்போது நாங்கள் யாரும் உங்களை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த முறை உட்கார்ந்து நிதானமாகப் பேசுவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள், மாப்பிள்ளை. அந்தக் கண்ணாடியைத் தபாலில் அனுப்பாதீர்கள், உடைந்துவிடும். கையோடு கொண்டுவாருங்கள். துடைக்கவேண்டாம். அவள் கை பட்டது அப்படியே இருக்கட்டும். எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா