எமரால்டு பஸ்ஸில் சொன்ன ரைட்

பிப். 4, செவ்வாய்

வாசல் புல்லெல்லாம் உறைபனி. எட்டரை வரை வெயில் இல்லை. மங்கி குல்லாவைத் தேடி பத்து நிமிடம் வீண். கொடியில் தொங்கியது.

இன்று கேத்தி பாலாடா. நானும் செல்லையா அண்ணனும் போகும் பஸ் பயணங்களில் முப்பத்தொன்றாவது. அவர் டிரைவர், நான் கண்டக்டர், ஒரே வண்டியில் இருபத்திரண்டு வருடம். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம், நான் மூன்று. இப்போது செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பேருமே பயணிகள். ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பாவம்.

விதிகள், மறக்காமல் இருக்க:
1. கடைசி ஸ்டாப் வரை போக வேண்டும்.
2. ஒரே ஒரு டீ.
3. டீக்கு மார்க் நான் போடுவது. டிரைவருக்கு மார்க் அவர்.
4. பழைய டிப்போ சண்டைகளைப் பேசக் கூடாது. (இந்த விதியை ஒரு நாளும் காப்பாற்றியதில்லை.)

பாலாடா டீ: 6. கடைக்குப் பின்னால் கேரட் கழுவும் மெஷின் சத்தத்தில் பேசவே முடியவில்லை. டிரைவருக்கு அண்ணன் போட்டது 4. "வளைவுல கியர மாத்துறான் பாரு, வண்டி அழுவுது" என்றார். அவர் சின்ன வயதில் பெற்றோருடன் சிலோன் எஸ்டேட்டிலிருந்து கப்பலில் வந்தவர். டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்.

என் பழக்கமும் போகவில்லை. ஆள் ஏறி முடிந்ததும் வாய் தானாக "ரைட்" என்று முணுமுணுக்கிறது. அண்ணன் தொடையில் தட்டி, "ரங்கு, நீ ரிட்டயராயிட்டே" என்றார்.

கேரட் இரண்டு கிலோ. வீட்டில் சரோஜா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மார்க்கெட்டு பத்து நிமிச நடை. கேரட்டு வாங்கக் கேத்திக்குப் போற ஆளு நீங்க ஒருத்தருதானுங்க" என்றாள். பொரியல் நன்றாக இருந்தது.

பிப். 7, வெள்ளி

எமரால்டு. காலை மேகம், அணைப் பக்கம் போனதும் பளிச்சென்று வெயில். தண்ணீர் குறைந்து கரை செம்மண்ணாகத் தெரிந்தது. கரையோரம் ஒரு மணி நேரம் நடை. டீ: 8. இந்த வருடத்தில் இதுவரை இதுதான் அதிகம்.

திரும்பும் வண்டி கடைசி ஸ்டாப்பிலேயே நின்றிருந்தது. வழக்கம்போல் நான் முன்னால் ஓடி, பின்படிக்கு அடுத்த சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். அண்ணன் பீன்ஸ் வாங்கப் போயிருந்தார். கண்டக்டர் முன்னால் நின்று டிக்கெட் மெஷினில் காகிதச் சுருள் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஏறினார்கள். படி காலி. யாரோ ரைட் சொன்னார்கள், வண்டி நகர்ந்தது. அண்ணன் பீன்ஸ் பையோடு ஓடிவந்து ஒரு காலைப் படியில் வைத்த நேரம். கீழே விழுந்தார்.

மேலே "யாரோ" என்று எழுதியிருக்கிறேன். யாரோ இல்லை. நான்தான். முணுமுணுப்பு இல்லை, முழுக் குரல். டூட்டியில் சொல்வதுபோல, "ரைட், போலாம்!" டிரைவர் எடுத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு.

ஆட்கள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏனுங்க, ஆளு ஏறதுக்குள்ள ரைட் குடுப்பீங்களா? கண்ணு எங்க இருந்துச்சு?" அவர், "நான் சொல்லலீங்க, சத்தியமா சொல்லலீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நான் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பீன்ஸைப் பொறுக்கினேன். எல்லாம் செய்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. இடது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு, நான்கு வாரம். அண்ணனின் மகன் ஜெகன் வந்தான். "அந்த கண்டக்டர சும்மா விடமாட்டேன் மாமா" என்றான். தலையாட்டினேன்.

பிப். 8, சனி

மூடுபனி. அண்ணன் வீட்டுக்குப் போனேன். பேக்கரியில் அவருக்குப் பிடித்த வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தார். டிவியில் சமையல் நிகழ்ச்சி. ஜெகன் டிப்போவில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். கண்டக்டர் பெயர் பிரபுவாம். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை அவருக்கு டூட்டி இல்லை.

அண்ணன் டிவியைப் பார்த்தபடியே கேட்டார். "ரங்கு, நீ படிகிட்டதானே உக்காந்திருந்தே. ரைட் சொன்னது யாருன்னு பாத்தியா?"

"கூட்டமா இருந்துச்சுங்கண்ணே" என்றேன்.

"ம்" என்றார். வர்க்கியைத் தொடவில்லை.

வண்டியில் மொத்தம் பதினோரு பேர்.

பிப். 11, செவ்வாய்

பயண நாள். பயணம் இல்லை. ரோஜாச் செடிக்கு மண் கிளறினேன். பால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றது.

அங்கே பிரபு. யூனிஃபார்ம் இல்லாமல், ஸ்வெட்டரோடு. முப்பத்தைந்து இருக்கும். நான் முகத்தைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டார்.

"ஐயா, நீங்க பழைய கண்டக்டர்னு சொன்னாங்க. படிக்குப் பக்கத்துலதான இருந்தீங்க? யாரு சொன்னாங்கன்னு பாத்தீங்களா? நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா கேப்பாங்க. உங்க பேருக்கு டிப்போல மரியாதை இருக்குதுங்க."

"பாக்கலீங்க தம்பி" என்றேன்.

மரியாதை என்ன மரியாதை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு மெமோ கூட வாங்காதவன் என்ற பேர். கல்யாண வீட்டில் கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன். இப்போது போய், "ரிட்டயரான பிறகு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு நான்தான் ரைட் கொடுத்தேன், என் சிநேகிதனை நானே தள்ளிவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். பாஸையும் பிடுங்கிவிடுவார்கள். எதற்கு அதிகம் பயப்படுகிறேன், சிரிப்புக்கா பாஸுக்கா? இரண்டுக்கும் இல்லை. செல்லையா அண்ணன் முகத்துக்கு.

பிப். 12, புதன்

குளிர் கொஞ்சம் தணிந்திருக்கிறது. காலை டிபன் உப்புமா. பாதியில் தட்டை வைத்துவிட்டு சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. "ஊட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பு மாட்டுனாலே ரைட்டுங்கிறீங்க. என்னைக்கோ ஒரு நாளைக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். பிறகு, "அந்தப் பையனுக்குக் குழந்தை குட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கேக்கக்கூட இல்லீங்களா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே இருந்து, "எங்கிட்ட சொல்லி என்னாகுது? அண்ணங்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்று சத்தம் மட்டும் வந்தது.

கரண்ட் பில் கட்ட வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

பிப். 13, வியாழன்

போனேன். ஏழு வீடு தள்ளியிருக்கும் வீட்டுக்கு மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அண்ணன் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெகனும் இருந்தான். நல்லதாகப் போயிற்று, இரண்டு தரம் சொல்ல வேண்டாம். "அன்னைக்கு ரைட் சொன்னது நாந்தானுங்கண்ணே" என்றேன்.

"தெரியும்."

அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்னாப்பா அப்படி முழிக்கிறே? இருவத்திரெண்டு வருசம் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் வண்டி எடுத்தேன். மூடுபனியில முன்னால ரோடே தெரியாது, பின்னால உன் சத்தம் மட்டும் கேக்கும், எடுப்பேன். எனக்குத் தெரியாதா? கீழ விழுறதுக்கு முந்தியே தெரியும்."

"அப்ப ஏனுங்கண்ணே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில சொல்லுவேன்னு பாத்தேன். சனிக்கிழமை நானே கேட்டேன். கூட்டமா இருந்துச்சுன்னு சொன்னே." கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். "இது வலிக்கல ரங்கு. அதுதான் வலிச்சுது."

அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன். ஜெகன் உள்ளே போய்விட்டான்.

அண்ணன் சமாதானம் சொல்லவில்லை. "நாளைக்கு டிப்போவுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு வா. அப்பறம் பேசுவோம்." டீ குடிக்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் டீ குடிக்காமல் நான் திரும்பியது இதுவே முதல் தடவை.

பிப். 14, வெள்ளி

டிப்போ. இஸ்திரி போட்ட சட்டை. எதற்கு என்று தெரியவில்லை.

ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். "பழக்க தோஷத்தால்" என்று ஆரம்பித்துவிட்டு அதை அடித்தேன். "என் தவறால்" என்று மாற்றினேன். ஜெகனும் வந்து புகாரைத் திரும்பப் பெற்றான். மேலாளருக்கு வயது நாற்பதுகூட இருக்காது. படித்துவிட்டு, "மூணு வருஷமா ரிட்டயர்டு, இன்னும் டூட்டி பாக்கறீங்களா சார்?" என்றார். இரண்டு மெக்கானிக்குகள் சிரித்தார்கள். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், முடிவு பிறகு சொல்வார்களாம்.

வெளியே பிரபு நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேனோ என்னவோ. "அன்னைக்கே உங்களைக் கேட்டேனுங்களே ஐயா" என்றார். அவ்வளவுதான். முகத்தில் கோபம்கூட இல்லை. "மன்னிச்சுக்கங்க" என்றேன். தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகளாம். டிப்போ வாசலில் கேட்டேன்.

பிப். 18, செவ்வாய்

பயணம் இல்லை. வீட்டு டீ: 7. சரோஜாவிடம் சொன்னதற்கு, "இத்தனை வருஷத்துக்கு ஏழா?" என்று முறைத்தாள்.

அண்ணனிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. அவர் "அப்பறம் பேசுவோம்" என்றார், அந்த அப்புறம் எப்போது என்று நான் கேட்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

தபாலில் பாஸ் திரும்பி வந்தது. கூடவே எச்சரிக்கைக் கடிதம். என் முதல் மெமோ. சரோஜா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். சிரிப்பு வந்தது.

மத்தியானம் போன். அண்ணன்.

"கட்டுப் பிரிச்சாச்சு. கீழ் கோத்தகிரி நம்ம இன்னும் போகல."

"ஆமாங்கண்ணே."

"செவ்வாக்கிழமை."

வைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

நல்ல வெயில். பனி இல்லை. குல்லா தேவைப்படவில்லை.

கோத்தகிரி போய், அங்கிருந்து கீழ் கோத்தகிரி. வழியெல்லாம் தேயிலை, கொழுந்து பறிப்பவர்கள் தலை மட்டும் தெரிந்தது. அண்ணன் டிரைவருக்கு 7 போட்டார். சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். டீ வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சு. சீனி கூடிப்போச்சு" என்றார். டீக்கு மார்க் போடும் வேலையும் போய்விட்டது. நான் எதிர்க்கவில்லை.

திரும்பும் வண்டி வந்து நின்றது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். "வாயில போட்டுக்க. வண்டி எடுக்குற வரைக்கும் மெல்லு." போட்டுக்கொண்டேன்.

இடம் பிடிக்க ஓடவில்லை. கீழேயே நின்றேன். இரண்டு கிழவிகள் ஏறினார்கள். மூட்டையோடு ஒருவர். பிறகு அண்ணன், வலது கையால் கம்பியைப் பிடித்து மெதுவாக. அவருக்குப் பின்னால் ரோட்டில் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. கடைசியாக நான் ஏறினேன். டூட்டியில் இருந்தவரை அப்படித்தான் ஏறினேன்.

அண்ணன் சீட்டிலிருந்து என் காலைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு காலும் உள்ள வந்துருச்சா?"

வாய் நிறைய மிட்டாய். தலையை ஆட்டினேன். நகர்ந்து இடம் விட்டார். கண்டக்டர் விசில் அடித்தார்.