ஒளுத் தண்ணீர் குடித்த கோழிகள்

மச்சான்,

இன்று விடியலில் கோழிக்கான குடல்புழு மருந்துப் பாட்டிலைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே நன்னாரி சர்பத் வாசனையும் வருகிற மாதிரி இருந்தது. எல்லாம் உன்னால் வந்த வினை.

சவூதி வேலையை முடித்துக்கொண்டு லால்பேட்டைக்கு வந்தவன், உன் அக்காவும் நானும் இருக்கும் வீட்டுக் கொல்லையில் எட்டு நாட்டுக்கோழி வாங்கி விட்டாய். மூன்றே மாதத்தில் அவை இளைத்துப்போயின. தீனி மட்டும் குறையவில்லை. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஒருநாள் எச்சத்தில் வெள்ளை நூலாகப் புழு நெளிந்தது. இரண்டு கோழி செத்ததும் நீ கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"மிச்சமும் போச்சுன்னா நான் திரும்ப பிளேன் ஏறிடுவேன் மச்சான். இங்க நமக்கு ஒண்ணும் சரிப்படாது."

பதினாறு வருஷம் உன்னோடு போனிலேயே பேசிக் கழித்தவன் நான். மறுபடி உன்னை அனுப்பிவைக்க எனக்கு மனசில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து கொடுத்தார். "முந்தின நாளே தண்ணிய எடுத்துடுங்க. காலைல தாகமா இருக்கறப்ப இத கலந்து வைங்க" என்றார். அப்படியே வைத்தோம். ஒரு கோழியும் சீந்தவில்லை. கசக்கிறது போலும் என்று நீயே முடிவுகட்டி நன்னாரி சர்பத்தை ஊற்றினாய். எறும்புதான் வந்தது. மறுநாளும் அதே கதை. மருந்தே போலி என்று நீ குதித்தாய். நானும் ஒத்து ஊதினேன்.

மூன்றாம் நாள், கூண்டைத் திறந்து மருந்துத் தட்டை வைத்துவிட்டு, விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்காகக் கொல்லைக் குழாயில் இருவரும் கைகால் கழுவி ஒளு செய்தோம். உன் அக்கா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் திரும்பிப் பாருங்க. அஞ்சு வேளையும் நீங்க ஒளு செய்யற தண்ணி வாழமரத்தடிக்குப் போவுது. அத வயிறு முட்ட குடிச்சிட்டு, அதுங்க எதுக்கு உங்க மருந்த குடிக்கணும்?"

திரும்பினால், ஆறு கோழியும் வாழையடியில் தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் குழாயைச் சொட்டாதபடி துணியால் இறுகக் கட்டிவிட்டு, ஒளு செய்யப் பள்ளிவாசலுக்கே போனோம். வெள்ளிக்கிழமை தவிர அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத ஆள் நான். வழியெல்லாம் நீ என்னை ஓட்டினாய்.

"தொழவைக்கிற அஜ்ரத்து சொல்லியும் வராத ஆளு, கோழிக்குப் பூச்சின்னதும் பள்ளிக்கு வந்துட்டீங்களே!"

திரும்பி வந்தபோது தட்டு காலி. சர்பத் ஊற்றாமலேதான்.

ஆறும் தேறின. நீயும் பிளேன் ஏறவில்லை. நாலு வருஷம் என் பக்கத்திலேயே இருந்தாய். அதற்குப்பிறகு வந்த நெஞ்சுவலிக்கு எந்த மாட்டாஸ்பத்திரியிலும் மருந்தில்லை. உன்னை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் மருந்து வைக்கிற நாளில் மட்டும் அழுகை வருவதில்லை.

இன்றும் குழாயைக் கட்டிவிட்டுப் பள்ளிக்குத்தான் போனேன். தொழுதுவிட்டு, பின்னாலிருக்கும் மையவாடியில் நீ அடங்கியிருக்கும் கபுரருகே நின்று சலாம் சொன்னேன். வழக்கமான கோழிக் கணக்கையும் ஒப்பித்தேன்.

"இருவத்திமூணு நிக்குது மச்சான். ஒண்ணும் போவல."