இவர் கையில் எலுமிச்சை வாசனை

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து லிங்கி ஊர்ப் பக்கம் போய்விட்டது. துணி காயவில்லை.

கேஸ் தோங் காலி, மாற்ற. குசினி ஜன்னல் கொக்கி. வெள்ளிக்கிழமை விளக்குக்கு எலுமிச்சை.

பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் எனக்குத் தேத்தண்ணி போட்டு வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுஷன். கோப்பையை வாங்கும்போது கையிலிருந்து எலுமிச்சை வாசனை. செம்பனை மில்லில் வேலை செய்கிறவர் கையில் எண்ணெய் நாற்றம்தான் இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

“என்னா வாசம் இது?”

“ஆயில் போறதுக்கு மில்லுல எலுமிச்சம்பழம் குடுக்கறாங்க லா.”

கையுறையே ஒழுங்காகக் கொடுக்காதவர்கள் எலுமிச்சம்பழம் கொடுக்கிறார்களாம். கேட்டுக்கொண்டேன். தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சந்தேகம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மழை. குசினித் தொட்டி அடைப்பு. கையை விட்டு எடுத்தால் மீன் செதில்.

ஆடி மாதம் முழுக்க இந்த வீட்டில் கவிச்சி கிடையாது. வருஷா வருஷம் அப்படித்தான், இவருக்கும் தெரியும். இந்த வாரம் பருப்பு, கீரை, கத்தரிக்காய், மறுபடி பருப்பு. செதில் எங்கிருந்து வந்தது? பருப்பிலிருந்தா?

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். இவர் காலை ஷிப்ட் முடிந்து எனக்கு முன்னால் வீட்டுக்கு வருகிறவர். அந்த நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் 7, வெள்ளி

விளக்குக்கு வாங்கி வைத்த எலுமிச்சம்பழத்தைக் காணோம். ஐஸ்பெட்டியில் அதே இடத்தில் வேறு பழங்கள், சின்னதாக, பச்சையாக. நான் கவனிக்கமாட்டேன் என்று நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

வீட்டுக்குப் பின்னால் வாழைக்கடியில் பிழிந்த மூடிகள். உள்பக்கம் வெளியே திருப்பியது, கோயிலில் எண்ணெய் ஊற்றி விளக்குப் போடுவோமே, அதே மாதிரி. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

“வெளக்குப் போட்ட தோலுதான் சரோ. எவளோ ஒன் புருசனுக்கு வேண்டிக்கிட்டுப் போடறா.”

“திரி கருகின தடமே இல்லையேக்கா.”

“கழுவியிருப்பா லா. கெட்டிக்காரியா இருக்கும்.”

அப்படியும் இருக்குமா என்று யோசித்தேன். யோசித்தது தப்பு. அதற்குப் பிறகு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. போகும்போது அக்கா, “தீபா போன் பண்ணுச்சா?” என்றார். அரிசி களைய வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

தீபா என் மகள். ஒரே பிள்ளை. சீனப் பையனை ரிஜிஸ்டர் செய்துகொண்டு ஜொகூருக்குப் போனாள். இந்த வாசல்படி மிதிக்காதே என்றேன். மிதிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டு நடந்திருக்கிறாள். இவரும் அவள் பேரை எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கோயிலிலிருந்து சீக்கிரம் வந்தேன். பெரிய மழை, தகரக்கூரை சத்தம். இவர் பின்பக்கம் நின்று போனில் பேசுகிறார். மெல்லப் போய்ச் சுவரோரம் நின்றேன். பாதி மழையில் போய்விட்டது. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“...லீமா இல்லாம எப்டி? லீமா இருந்தாத்தான ருசியே...”

என்னைப் பார்த்ததும் போன் சட்டைப்பைக்குள்.

“யாரு?”

“மண்டோர்.”

வேலை வாங்குகிற மண்டோரிடம் எவளோ ஒரு லீமாவின் ருசியைப் பற்றிப் பேச்சு. நல்ல மண்டோர்.

சாப்பாடு இறங்கவில்லை. இவர் மட்டும் இரண்டு தடவை ரசம் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வெயில். உடம்பு சரியில்லை என்று பாலர் பள்ளிக்கு லீவு. பொய்.

மில் வாசலில் நாசி லெமாக் சோறு விற்கிற மலாய்க்காரம்மாவின் பேர் காக் லீமா, அதாவது லீமா அக்கா, என்று லெட்சுமி அக்கா துப்புக் கொண்டுவந்தார். லெட்சுமி அக்காவுடைய மோட்டார் சைக்கிளையே இரவல் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போனேன், எதற்கு என்று தெரியவில்லை.

காக் லீமாவுக்கு என் அம்மா வயது. முன்பல் இரண்டு இல்லை. பக்கத்தில் அவர் புருஷன் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். தேத்தண்ணி மட்டும் கேட்டேன். இவர் பேரைச் சொல்லி, மணியத்தைத் தெரியுமா என்றேன். தெரியுமாம். சம்பலில் காரம் போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லையாம். கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் நிஜம், நம்பலாம்.

திரும்பி வரும்போது சிரிப்பு வந்தது. எஸ்டேட் முச்சந்திக்கு வருவதற்குள் போய்விட்டது. இந்த லீமா இல்லையென்றால் வேறு லீமா. நெருப்பில்லாமல் புகையாது.

ஆகஸ்ட் 13, வியாழன்

லுக்குட் டவுனுக்குப் போனேன். தேங்காய், கத்தரி, மிளகாய்த்தூள். இவருக்குப் பனியன்.

மார்க்கெட்டில் எப்போதும் வாங்குகிற காய்கறிக்காரர் தானாகவே ஆரம்பித்தார்: “அண்ணன் நேத்து வந்தாரேக்கா. செராய்ப் புல்லு, இஞ்சி, மல்லித்தழை. அந்தப் பக்கம் முழு சியாக்காப் வாங்குனாரு, பெருசு. வீட்டுல விருந்தா?”

ஆமாம், விருந்து என்றேன்.

முழு கொடுவா மீன். ஒரு ஆள் சாப்பிடுகிற மீன் இல்லை. எவளுக்கோ என் குசினியில், என் சட்டியில், ஆடி மாதத்தில் சமைத்துப் போடுகிறார். எனக்கு ஒருநாள் ஒரு முட்டை பொரித்துக் கொடுத்ததில்லை.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் டிஷ்யூ கொடுத்தாள். பயமாக இருக்கிறது, எழுதுவதற்கென்ன. பெற்றது ஒன்று, அது போய்விட்டது. இவரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

பனியனைக் கொடுத்தேன். அளவு சரி.

ஆகஸ்ட் 14, வெள்ளி

விளக்குப் போட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. லீமா என்கிறவள் நாசமாகப் போகட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிறேன். கையும் களவுமாக.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மூட்டம், மழை இல்லை. கோயிலுக்கு என்று கிளம்பி லெட்சுமி அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கரண்டியோடு கூடவே வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

பின்வாசல் வழியாக நுழைந்தேன். குசினி முழுக்க ஆவி. இஞ்சி, பூண்டு, செராய் வாசனை, நல்ல வாசனை, மறைக்க முடியாது. இவர் என் பழைய கைலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். இட்டிலிச் சட்டியில் மீன். மைலோ டின்னில் சாய்த்து வைத்த போன். போனில் ஒரு பெண்.

இவர் போனைப் பார்த்து, “லீமாவ் இப்ப ஊத்தவா?” என்றார்.

லீமா இல்லை. லீமாவ். எலுமிச்சை. பசாரில் நானே மலாய்க்காரனிடம் கேட்டு வாங்குகிற மலாய்ச் சொல்.

“ஊத்துங்கப்பா. நல்லாக் கொதிக்கட்டும்,” என்றது போன்.

அப்பா.

முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அங்கே என்ன சாப்பிடுகிறாள்?

இவர் திரும்பினார். பழத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மறைக்கவில்லை. பிறகு சின்னக் குரலில்:

“அவகிட்ட என்னா பேசறதுன்னு தெரியல சரோ. நல்லாருக்கியான்னு கேட்டா ரெண்டு பேரும் அழுவுறோம். அதான் மீனு எப்டி வைக்கறதுன்னு கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுல இப்டித்தான் வைப்பாங்களாம். ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன்னு சொல்லி மறுபடி கேப்பேன்.”

 ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன். இருந்தாள். நான் பெற்றவள்.

என்ன செய்வது என்று தெரியாமல் சட்டிப் பக்கம் போனேன். கரண்டியில் சாறு எடுத்து வாயில் வைத்த பிறகுதான் ஆடி இன்னும் முடியவில்லை என்று ஞாபகம். ஒரே கசப்பு. அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அவள் போனுக்குக் கிட்டே வந்தாள். அப்புறம், “அம்மா?”

“கசக்குது,” என்றேன். “லீமாவ அடுப்புல கொதிக்கவிட்டா கசக்காம என்னா செய்யும்? ஒங்கப்பாவுக்கு யாரு இப்டி சொல்லிக் குடுத்தது?”

“நான்தாம்மா.”

“தப்பாச் சொல்லிக் குடுத்திருக்க.”

 லைன் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

“அப்ப நீங்க காட்டுங்கம்மா,” என்றாள்.

அடுப்பை அணைத்தேன். போனை இவர் பிடித்துக்கொண்டார், என் தலை பாதிதான் தெரிந்ததாம். வேறு பழம் எடுத்து நறுக்கினேன்.