பாட்டில் வந்த பெயர்

காவலூர்,
4.8.2025

அன்புள்ள மணிக்கு,

முப்பத்தேழு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் எழுதுகிறாளே என்று முழிக்காதே. போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

'ஓய் மணி' பாட்டு மறுபடி கிளம்பிவிட்டது. பஸ், செல்போன், கல்யாண மேடை, எங்கே போனாலும் அதுதான். அது பிறந்த கதையைக் கேட்டு ரேடியோவிலிருந்து ஷோபனா என்று ஒரு பெண் வந்தாள். பாட்டைக் கட்டிய ஜீப் டிரைவர் குமரேசன்தான் இப்போது உயிரோடு இல்லையே. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாமைக் கொல்லையில் குருவி ஓட்ட ஆளுக்கொரு பரணில் உட்கார்ந்திருப்போம், இந்தச் சரிவிலிருந்து நான் "ஓய்" என்பேன், எதிர்ச்சரிவிலிருந்து நீ பதில் கொடுப்பாய், அதைத்தான் அவர் காதல் பாட்டாக்கிவிட்டார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "மணின்ற பேரை அவருக்கு யாரும்மா சொன்னது?" என்றாள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்குப் பாட்டு கேசட்டில் வந்ததும் உனக்கும் டிரைவருக்கும் தொடர்பு என்று ஊரே பேசியது. வெற்றிலை மாற்றி நிச்சயமான பிறகு என் அண்ணன் ராஜாக்கண்ணுவோடு உன் கல்யாணம் நின்றது. பெயரைக் கொடுத்தது நான்தான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். இன்றுவரை என் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை மணி. பின்னே யார்? அது தெரிந்தால் அண்ணன் என்னோடு பேசுவார். உனக்குத் தெரியுமா?

உன் பழைய சிநேகிதி,
சாந்தம்மாள்


கண்ணமங்கலம்,
16.8.2025

அன்புள்ள சாந்தா,

உன் கடிதத்தை ஒரு வாரமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். "இன்னா அத்தை, லவ் லெட்டரா?" என்று மருமகள் கோகிலவாணி கிண்டல் செய்கிறாள்.

நான்தான் சொன்னேன். குமரேசன் ஜீப்பை நிறுத்தி, "பதில் குரல் குடுக்குற பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார். "மணி. பாட்டுல போட்டுக்கோங்க" என்றேன். உன் அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெற்றிலை மாற்றிய பின் வேண்டாம் என்றால் அப்பா என்னை வெட்டிப்போட்டிருப்பார். மலையில் நாலு பேர் முணுமுணுத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நாடே பாடும் என்று யார் கண்டது! பழி உன்மேல் விழுந்தபோது வாயைத் திறக்கப் பயம். பிறகு வெட்கம்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டு. ரேடியோவிலும் சொல். என்னை மன்னிப்பாயா?

மணியம்மாள்


காவலூர்,
27.8.2025

மணி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன், ஒரு வசவு பாக்கியில்லை.

அண்ணன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். பேத்தி செல்போனில் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல அவளிடம், "இந்த மணி என்னைக் கட்டிக்க உசுரா இருந்தா. உங்க அத்தைப் பாட்டிதான் கெடுத்துட்டா" என்றார். குரல் திட்டியது. முகத்தில் அப்படி ஒரு பெருமை. இத்தனை வருஷமாக அந்த நினைப்பில்தான் மனுஷன் நிமிர்ந்து நடந்திருக்கிறார்.

கடிதத்தைக் காட்டியிருந்தால் என்னோடு பேசியிருப்பார். அதற்குத்தானே போனேன்? கை வரவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஷோபனாவுக்குப் போன் போட்டு, பெயரைச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ரேடியோவில் வரும், அண்ணனும் கேட்பார்.

உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் இதைச் சொல்லி அழ உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பஸ் ஏறி வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள்.

சாந்தா