கண்மாயில் போட்ட பதின்மூன்று இலை

என் பிரியமான அண்ணே,

நீ போய் எட்டு மாதமாகிறது. மெட்ராஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நம் கண்மாய்ப் பந்தியை அங்கே ஒரு கலைக்கூடத்தில் மறுபடி அமைத்துக் காட்டச் சொல்கிறார்கள். மூன்று நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அந்த யோசனையே உன்னுடையதுதானே. ஓவியக் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பழைய சீமை ஓவியத்தின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஏசு தம் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிடுகிற படம். நீ பஸ் டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையோடு நின்று பார்த்தாய். "பதிமூணு பேரும் ஒரே பக்கமா உக்காந்திருக்காகளே, நம்ம பந்தி மாதிரி. எதுத்தாப்புல பரிமாறுற ஆளத்தான் காணோம்" என்றாய். என் வாத்தியார்கள் ஒருவரும் அதை அப்படிப் பார்த்ததில்லை.

மழை பொய்த்த அந்த வருஷம் ரெட்டியபட்டிக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அங்கே பதின்மூன்று வாழையிலை போட்டு, அந்தச் சீமைப் படத்தை நம் ஊர்ப் படமாக்கப் புறப்பட்டேன். ஆள் இல்லை, சோறு இல்லை, இலை மட்டும். அருப்புக்கோட்டையிலிருந்து இலைக்கட்டை உன் பஸ்ஸிலேயே ஏற்றி வந்தாய். நான் கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வெயிலில் இலை வாடிவிடக் கூடாதே என்று வரிசையாகத் தண்ணீர் தெளித்தாய்.

இலை போட்டுத் தண்ணீரும் தெளித்திருந்தால் நம் சனம் என்ன நினைக்கும்? நம் இரண்டு பேருக்கும் அது ஏன் தோன்றவில்லை? பஞ்ச நிவாரணத்துக்குக் கண்மாயில் மண் வெட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க, படம் கெட்டுப்போகும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொன்னேன். அவர்களில் மூத்தவரான மாரியம்மாள் அக்கா, "சோறு இல்லையா தாயி? சரி" என்று இலையை மிதிக்காமல் எழுந்தார்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். "பந்தியில உக்காந்தவுகள எழுப்பிட்டியே பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூவரையும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாய். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எடுத்த போட்டோவைப் பார்த்து மெட்ராஸில் பசியின் ஓவியம் என்று புகழ்ந்தார்கள். அது வந்த பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினேன், படிக்காமல் மடித்து வைத்தாய். கோபமா அண்ணே, வெட்கமா? கேட்கலாம், கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். மஞ்சள்காமாலை உனக்கு ஒன்பது நாள்தான் கொடுத்தது.

நேற்று ரெட்டியபட்டிக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ கேலி செய்வாய், தெரியும். மாரியம்மாள் அக்கா பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மன்னிக்கச் சொன்னேன். "அத விடுங்க தாயி. கண்டக்டர் தம்பி போயிருச்சே" என்று கண் கலங்கினார். மெட்ராஸ் சமாச்சாரத்தையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்: "அங்கிட்டாவது சோறு உண்டா?"

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. பரிமாறுகிற ஆளைக் காணோம் என்றாயே, அந்த ஆள் நிற்க வேண்டிய இடத்தில்தான் அன்று நான் கேமராவோடு நின்றேன்.

மெட்ராஸுக்கு எழுதிவிடுகிறேன். இலை போட்டால் சோறும் குழம்பும் உண்டு, யார் உட்கார்ந்தாலும் சாப்பிடுவார்கள். சம்மதமில்லை என்றால் எனக்கு அந்தக் கூடம் வேண்டாம். அதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் பந்தி. அந்த மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். பரிமாறப் போவது நான்தான்.

தண்ணீரும் நானே தெளிப்பேன். பதின்மூன்றாவது இலை உனக்கு. யாராவது பசியோடு வந்து அதில் உட்கார்ந்தால், எழுப்ப மாட்டேன் அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா