மினுக்கம் இல்லாத ஆறு விமானங்கள்

அன்பு நண்பா,

இன்று காலை எதிர்வீட்டில் கதவுகளுக்கு வார்னிஷ் பூசத் தொடங்கினார்கள். டர்பன்டைன் வாசம் வெள்ளவத்தைக் கடற்காற்றோடு என் அறைக்குள் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். மாளிகாவத்தை மையவாடியில் உன்னை அடக்கி நாற்பது நாளாகிறது. உன்னைக் கொண்டுபோன காய்ச்சல்தான் கடைசியில் ஜெயித்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரனோடு யுத்தம் நடந்த காலம் அது. எந்த விமானம் எதிரியுடையது என்று காவல் தொண்டர்களுக்குக் காட்ட மரத்தில் சிறிய மாதிரிகள் தேவைப்பட்டன. துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்த நான் படம் பார்த்துச் செதுக்கினேன். கொட்டாஞ்சேனையில் அலுமாரிகளுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்த நீ பூச்சு வேலையை எடுத்துக்கொண்டாய்.

"அரக்குப் பொலிஷ் வேணாம் மச்சான். இந்த மழ ஈரத்துல வெள்ளையாப் பூத்துரும்" என்றாய். எண்ணெய் வார்னிஷை டர்பன்டைனில் இளக்கி, முகத்துக்குப் பூசும் பவுடரைச் சலித்துக் கலந்தாய். கறுப்புப் பெயின்ட் அடித்த இறக்கைகளில் மூன்று மெல்லிய பூச்சு. காய்ந்தபோது ஆறு விமானங்களும் பானையின் அடிக்கரி போல மங்கி நின்றன.

பொறுப்பாயிருந்த துரைக்கு அது பிடிக்கவில்லை. பெரிய விருந்தாளி பார்வையிட வருகிறாராம், பியானோ மாதிரிப் பளபளக்க வேண்டுமாம். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"மினுங்கினா வெயில்ல கண்ணு கூசும். உருவம் தெரியாது. ஆளுகள் சாகும்னு சொல்லு" என்றாய்.

எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். 'ஐயா, சற்று யோசிக்கலாம்' என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ குழைந்தேன். உனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

"அத நீ சொல்லல்ல மச்சான். நான் சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். துரையின் கழுத்து சிவந்தது. நீ அசையவில்லை. நான் செதுக்கிக் கழித்துப்போட்ட ஒரு விமானத்தை எடுத்து, ஒரு இறக்கைக்கு மட்டும் பளபளக்கும் வார்னிஷ் பூசிக் காயவைத்து மறுநாள் அவர் முன்னால் முற்றத்து வெயிலில் தொங்கவிட்டாய். முப்பதடி தள்ளி நின்று பார்த்தால் அந்த இறக்கையில் பாதியை வெளிச்சம் தின்றிருந்தது. துரை பார்த்தார். பார்த்த பிறகும் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தார்.

"அவருக்கு வேணாட்டி நம்மட தெருவுக்கு வேணும்" என்று ஆறையும் உன் வீட்டுத் துணிக்கொடியில் கட்டினாய். மீன்காரர்கள், ஆப்பக்கடைப் பெண்கள், வண்டிக்காரர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டு உருவம் படிக்கவைத்தாய். "வாத்தியார் வேலைக்கும் வந்துட்டாரு" என்று சிலர் சிரித்தார்கள்.

பிறகு ஒரு காலையில் கடல் பக்கமிருந்து விமானங்கள் வந்தன. ஆப்பக்கடைக்காரி அண்ணாந்து பார்த்தாள். "ஐயோ, இது நம்மட இல்ல!" என்று கத்தினாள். சைரன் ஊதுமுன்பே தெருச்சனம் பதுங்குகுழிக்குள் இறங்கியது. அடுத்த தெருவில் அழுகை கேட்டது. உன் தெருவில் எல்லோரும் உயிரோடு எழுந்து வந்தார்கள்.

அதே கிழமை துரை ஆளனுப்பி விமானங்களைக் கேட்டார். நீ எழுந்துகூட நிற்கவில்லை.

"தாறேன். ஆனா பாடம் தமிழுலயும் சிங்களத்துலயும் நடக்கணும். தெருவுலயே நடக்கணும்."

நடந்தது.

நேற்று எங்கள் கந்தோரில் விசாரணை. கப்பலில் கால் நசுங்கிய கூலித்தொழிலாளி ஒருவர் நடந்ததைத் தமிழில் சொன்னார். மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள். சங்கிலி பழுதென்று முன்பே முறையிட்டதாக அவர் சொன்ன இடத்தில் மேலாளர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை மெதுவாக ஆட்டினார். நான் அந்தத் தொழிலாளி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். வாக்குமூலம் எழுதியவர் தயங்கினார். எழுதும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்தில் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். குனிந்து போகமாட்டேன்.